கரிக்கட்டைக்குள் ஒரு சொல்: ஹெர்குலேனியம் சுருள் வாசிக்கப்பட்ட விதம்

2023 செப்டம்பரில் இணையத்தில் ஒரு கேள்வி சுற்றியது நினைவிருக்கலாம். "ரோமப் பேரரசைப் பற்றி எத்தனை நாளுக்கு ஒருமுறை நினைப்பீர்கள்?" என்று பெண்கள் தங்கள் கணவரிடமும் அண்ணன் தம்பியிடமும் கேட்டு, பதிலைப் படம்பிடித்து டிக்டாக்கில் போட்டார்கள். "தினமும்" என்று பலர் சொன்னது பெரிய செய்தியானது. அதே நாட்களில் டிஸ்கார்ட் என்ற அரட்டைத் தளத்தில் இன்னொரு கூட்டம், கி.பி. 79இல் வெசூவியஸ் எரிமலை வெடித்தபோது கரியாகிப்போன ஒரு சுருளின் ஸ்கேன் படங்களை இரவு பகலாகப் பார்த்துக்கொண்டிருந்தது. அக்டோபர் 12 அன்று அறிவிப்பு வந்தது. திறக்கப்படாத அந்தச் சுருளுக்குள் ஒரு முழுச் சொல் படிக்கப்பட்டுவிட்டது.

"2000 ஆண்டு பழைய சுருளைச் செயற்கை நுண்ணறிவு படித்தது" என்ற தோரணையில்தான் தலைப்புகள் வந்தன. தப்பு என்று சொல்லிவிட முடியாது. ஆனாலும் இந்த வேலை நடந்த விதத்தை முதலிலிருந்து பார்த்தால், அந்தத் தலைப்பில் இடம் கிடைக்காதவர்கள் நிறையப் பேர். மணிக்கணக்கில் வெறும் கண்ணால் படத்தை உற்றுப் பார்த்தவர், அடுக்கு அடுக்காகக் கையால் கோடு வரைந்தவர்கள், தரவை யாருக்கும் பூட்டி வைக்காமல் திறந்துவிட்டவர்கள், கிரேக்கம் படிக்கத் தெரிந்த அறிஞர்கள். இவர்களில் ஒருவர் இல்லாமல் போயிருந்தாலும் காரியம் நடந்திருக்காது என்பது என் கருத்து.

கரி என்று நினைத்த நூலகம்

ஹெர்குலேனியம், நேப்பிள்ஸ் பக்கத்தில் கடலோரமாக இருந்த ஊர். இன்றைக்கு அதன் மேலேயே எர்கோலானோ என்ற ஊர் நிற்கிறது. வெசூவியஸ் வெடித்தபோது கொதிக்கும் வாயுவும் சாம்பலும் மலைச்சரிவில் பாய்ந்து இறங்கி, ஊரை ஏறக்குறைய 20 மீட்டர் ஆழத்தில் புதைத்தன. 1750இல் கிணறு வெட்டியவர்களுக்கு அடியில் வண்ணப் பளிங்குத் தரை தட்டுப்பட்டது. கார்ல் வெபர் என்ற சுவிட்சர்லாந்துப் பொறியாளர் சுரங்கம் வெட்டி வெட்டியே அங்கிருந்த மாளிகையின் வரைபடத்தைப் போட்டார். (அமெரிக்காவில் மாலிபு கடற்கரையில் உள்ள கெட்டி அருங்காட்சியக மாளிகை அந்த வரைபடத்தைப் பார்த்துக் கட்டியதுதான்.) 1752இல் அங்கே கருகிய உருளைகள் கிடைத்தன. கரிக்கட்டை என்று நினைத்துத் தூக்கிப்போட்டவையும் உண்டு. அப்புறம்தான் உடைந்த துண்டுகளில் எழுத்து தெரிந்தது.

பழைய கிரேக்க ரோமானிய உலகிலிருந்து, இருந்த இடத்திலேயே நமக்குக் கிடைத்த ஒரே நூலகம் அது. மாளிகை ஜூலியஸ் சீசரின் மாமனார் லூசியஸ் கல்பூர்னியஸ் பீசோவுடையதாக இருக்கலாம் என்று அறிஞர்கள் பலர் கருதுகிறார்கள். படிக்க முடிந்த சுருள்களில் பெரும்பகுதி ஃபிலோடெமஸ் எழுதியவை. இன்றைய ஜோர்டானில் உள்ள கதாரா என்ற ஊரில் பிறந்து இத்தாலிக்கு வந்தவர் அவர். இன்பமே வாழ்வின் குறிக்கோள் என்ற கிரேக்கத் தத்துவஞானி எபிகூரஸின் வழியில் வந்த தத்துவ ஆசிரியர், கவிஞரும்கூட.

இந்தச் சுருள்கள் பாப்பிரஸில், அதாவது ஒரு நீர்ச்செடியின் நாரால் செய்த தாளில், எழுதியவை. பாப்பிரஸ் என்றதும் தமிழ் வாசகர்களுக்கு முசிறி ஒப்பந்தம் நினைவுக்கு வரும். ஹெர்மபோலோன் என்ற கப்பலின் சரக்குக் கணக்கைத் தாங்கி, இப்போது வியன்னாவில் இருக்கும் 2ஆம் நூற்றாண்டு ஏடு அது. அது போன்றவை எகிப்தின் வறண்ட மண்ணால் பிழைத்தவை. இத்தாலியின் ஈரத்தில் பாப்பிரஸ் நிற்காது. வெப்பத்தில் கருகியதால்தான் ஹெர்குலேனியம் சுருள்கள் மட்காமல் தப்பின. கருகியதால்தான் படிக்கவும் முடியாமல் போயின. தொட்டால் உதிரும்.

1753இல் வத்திக்கானிலிருந்து வந்த அந்தோனியோ பியாஜ்ஜோ என்ற பாதிரியார் ஒரு கருவி செய்தார். சுருளின் வெளி விளிம்பில் மெல்லிய சவ்வை ஒட்டி, பட்டு நூலில் தொங்கவிட்டு, மில்லிமீட்டர் மில்லிமீட்டராக இறக்குவது. அப்படித் திறந்த முதல் சுருள், ஃபிலோடெமஸ் இசையைப் பற்றி எழுதியது. அது அச்சில் வந்தது 1793இல். சரியாக 40 ஆண்டு. அதற்குப் பிறகு கத்தியால் பிளந்தார்கள், வேதிப்பொருள் ஊற்றினார்கள். ஹம்ஃப்ரி டேவி போன்ற பெரிய வேதியியலாளரும் முயன்று பார்த்தார். ஒவ்வொரு முயற்சியிலும் கொஞ்சம் படிக்கக் கிடைத்தது, நிறைய அழிந்தது. 1802இல் 6 சுருள்கள் நெப்போலியனுக்குப் பரிசாகப் பாரிசுக்குப் போயின. நம் கதையின் சுருள் அவற்றில் ஒன்று. அதன் பதிவுப் பெயர் பாரிஸ் 4.

மையும் கரி, தாளும் கரி

கென்டக்கி பல்கலைக்கழகக் கணினி அறிவியல் பேராசிரியர் பிரெண்ட் சீல்ஸ் ஏறக்குறைய 20 ஆண்டுகள் இந்த ஒரே கேள்வியோடு வாழ்ந்தவர்: சுருளைத் தொடாமல் படிக்க முடியுமா? மருத்துவமனை சி.டி. ஸ்கேன் போல, எக்ஸ்ரே கொண்டு சுருளின் உட்பகுதியை முப்பரிமாணப் படமாக எடுக்க வேண்டும். அந்தப் படத்தில் சுருண்டிருக்கும் தாளின் பாதையைக் கணினியில் பின்தொடர்ந்து, அதைத் தட்டையாக விரிக்க வேண்டும். இஸ்ரேலின் என்கெதியில் 1970இல் கிடைத்த கருகிய தோல் சுருளை அவர் குழு 2015இல் இப்படித்தான் விரித்துக் காட்டியது. உள்ளே பைபிளின் லேவியராகமம் இருந்தது. அந்த மையில் உலோகம் கலந்திருந்ததால் எக்ஸ்ரேயில் பளிச்சென்று தெரிந்தது.

ஹெர்குலேனியத்தில் அந்த அதிர்ஷ்டம் இல்லை. அங்கே மை என்பது புகைக்கரியும் பிசினும். எழுதப்பட்ட தாளோ கருகிய செடி நார். எக்ஸ்ரேயின் கண்ணுக்கு இரண்டும் ஏறத்தாழ ஒரே பொருள். 2009இல் பாரிசில் 2 சுருள்களை ஸ்கேன் செய்தபோது சுருட்டல்கள் அழகாகத் தெரிந்தன, எழுத்து மட்டும் தெரியவில்லை. 2019இல் ஆக்ஸ்போர்டு அருகே உள்ள டயமண்ட் துகள் முடுக்கியில் இன்னும் நுட்பமாக, ஒரு புள்ளிக்கு 8 மைக்ரான் அளவில், எடுத்தார்கள். அப்போதும் வெறும் கண்ணுக்கு எதுவும் பிடிபடவில்லை.

ஒரு வழி மட்டும் தெரிந்தது. சுருள்களிலிருந்து முன்பே பிரிந்துபோன துண்டுகள் சில இருந்தன. அவற்றின் மேற்பரப்பில் எழுத்து எங்கே இருக்கிறது என்று அகச்சிவப்புப் படத்தில் பார்க்கலாம். அதே துண்டின் எக்ஸ்ரேயையும் கொடுத்து, "இங்கே மை, இங்கே இல்லை" என்று கணினிக்குப் பயிற்சி தரலாம். சீல்ஸிடம் ஆய்வு மாணவராக இருந்த ஸ்டீபன் பார்சன்ஸ் இதைச் செய்து, துண்டுகளில் மை அகப்படும் என்று காட்டினார். துண்டில் நடந்தது மூடிய சுருளுக்குள்ளும் நடக்குமா என்பதுதான் பாக்கி.

போட்டியைக் கட்டிய விதம்

2020 ஊரடங்கு நாட்களில் ரோமைப் பற்றிப் படிக்கத் தொடங்கி, இந்தச் சுருள்களில் வந்து நின்றவர் நேட் ஃப்ரீட்மன். நிரலாளர்கள் தங்கள் நிரல்களைப் பகிர்ந்துகொள்ளும் தளமான கிட்ஹப் நிறுவனத்தின் முன்னாள் தலைமை நிர்வாகி. அவரும் தொழில்முனைவோர் டேனியல் கிராஸும் சீல்ஸோடு சேர்ந்து 2023 மார்ச் 15 அன்று 'வெசூவியஸ் சேலஞ்ச்' என்ற போட்டியை அறிவித்தார்கள். சீசர் கொல்லப்பட்ட நாளைப் பார்த்து வைத்த தேதி. ட்விட்டரில் அறிவித்ததும் பணம் போட இன்னும் பலர் முன்வந்தார்கள். பெரும் பரிசு 7 லட்சம் டாலர். நிபந்தனை: அந்த ஆண்டு முடிவதற்குள், சுருளுக்குள்ளிருந்து தலா 140 எழுத்துகள் கொண்ட 4 பத்திகள், ஒவ்வொன்றிலும் குறைந்தது 85 விழுக்காடு எழுத்துகள் படிக்கும்படி இருக்க வேண்டும்.

பெரிய பரிசுத் தொகையைப் பற்றித்தான் எல்லோரும் எழுதினார்கள். எனக்கு முக்கியமாகப் படுவது சின்னப் பரிசுகள்.

ஒரே பெரிய பரிசு இருந்தால் என்ன நடக்கும்? ஒவ்வொருவரும் தான் கண்டுபிடித்ததைக் கமுக்கமாக வைத்துக்கொள்வார்கள். பத்துப் பேரிடம் பத்துத் துண்டு விடை இருக்கும், முழு விடை யாரிடமும் இருக்காது. இதைத் தவிர்க்கத்தான் வழியெங்கும் இடைநிலைப் பரிசுகளை வைத்தார்கள். அவற்றை வாங்க வேண்டுமானால் ஒரு விதி: உங்கள் நிரல், முறை எல்லாவற்றையும் உடனே பொதுவில் போட வேண்டும். அதனால் ஒருவர் ஏறிய படி அடுத்தவருக்கும் படியானது. துண்டுகளில் மை கண்டுபிடிக்கும் வேலைக்கு மட்டும் தரவு அறிவியல் போட்டிகள் நடக்கும் காகிள் தளத்தில் 1 லட்சம் டாலருக்குத் தனிப் போட்டி நடத்தினார்கள். அங்கே முன்னணியில் வந்த மாடல்கள், அதாவது மையை அடையாளம் காணப் பயிற்சி பெற்ற நிரல்கள், எல்லோருக்கும் கிடைத்தன.

சுருட்டலைப் பிரிப்பது பெரிய தலைவலியாக இருந்தது. கசங்கி, நெளிந்து, ஒன்றோடொன்று ஒட்டிக் கிடக்கும் அடுக்குகளில் ஒன்றைப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு படத்திலும் அதன் கோட்டைக் கையால் வரைந்துகொண்டே போக வேண்டும். தவறினால் அடுத்த அடுக்குக்குத் தாவிவிடுவோம். இதைப் போட்டியாளர்கள் தலையில் கட்டாமல், சம்பளத்துக்கு ஆட்களை வைத்துச் செய்யவைத்து, பிரித்த பகுதிகளை அப்போதைக்கப்போது எல்லோருக்கும் இலவசமாக வெளியிட்டார்கள். மாதக்கணக்கில் கோடு வரைந்த அந்தச் சின்னக் குழுவைப் பற்றிச் செய்திகளில் தேடினால் ஒரு வரிகூடச் சிரமப்பட்டுத்தான் கிடைக்கும். வென்றவர்கள் எல்லோரும் நின்றது அவர்கள் போட்ட தளத்தின் மேல்.

வெடித்த சேறு போல ஒரு தடம்

முதல் திருப்பம் எந்த மாடலாலும் வரவில்லை. ஆஸ்திரேலியாவில் பிறந்த கேசி ஹேண்ட்மர், முன்பு நாசாவின் ஜே.பி.எல். ஆய்வகத்தில் வேலை பார்த்த இயற்பியலாளர். அவர் விரித்த படங்களைத் திரையில் வைத்துக்கொண்டு மணிக்கணக்கில் பார்த்தார். கண் பழகப் பழக, சில இடங்களில் காய்ந்த சேறு வெடித்தது போன்ற மெல்லிய கோலம் தெரிந்தது. மை காய்ந்து பாளம் பாளமாக வெடித்த தடம். அந்தக் கோலம் எழுத்தின் வடிவத்தில் வளைந்திருந்தது. அதுவரை "மை எக்ஸ்ரேயில் தெரியாது" என்றே எல்லோரும் நம்பியிருந்தார்கள். அதன் நிறம் தெரியாவிட்டாலும் அதன் மேற்பரப்பு தெரிகிறது என்று காட்டிவிட்டார் ஹேண்ட்மர். அவருக்கு 10 ஆயிரம் டாலர் பரிசு கிடைத்தது.

அந்தப் பதிவைப் படித்தவர்களில் ஒருவர் லூக் ஃபாரிட்டர், நெப்ராஸ்கா பல்கலைக்கழக மாணவர், வயது 21. அப்போது ஸ்பேஸ் எக்ஸ் நிறுவனத்தில் கோடைகாலப் பயிற்சியில் இருந்தார். பகலில் அந்த வேலை, இரவில் சுருள். அந்த வெடிப்புக் கோலத்தை அடையாளம் காண ஒரு மாடலுக்குப் பயிற்சி கொடுத்தார். அது கண்டுபிடித்த புதுத் தடங்களை மறுபடி பாடமாகச் சேர்த்து, மீண்டும் பயிற்சி. ஆகஸ்டில் ஒரு விருந்துக்குப் போயிருந்த இரவு, புதிதாக வெளியான பகுதியில் தன் மாடலை ஓடவிட்டார். கைபேசித் திரையில் எழுத்துகள் வந்து நின்றன.

பெர்லினில் ஆய்வு மாணவராக இருந்த எகிப்தியர் யூசுஃப் நாதெர் வேறு வழியில் வந்தார். காகிள் போட்டியில் துண்டுகளுக்கென்று உருவான மாடலை எடுத்துச் சுருளுக்குப் பழக்கினார். அதே இடத்தில் அவருக்கும் அதே சொல் வந்தது, இன்னும் தெளிவாக. 4 சதுர சென்டிமீட்டருக்குள் 10 எழுத்து என்பது 'முதல் எழுத்துகள்' பரிசின் நிபந்தனை. ஃபாரிட்டருக்கு 40 ஆயிரம், நாதெருக்கு 10 ஆயிரம்.

அந்தச் சொல் 'பொர்ஃபுராஸ்'. ஊதாச் சாயம் அல்லது அந்தச் சாயம் தோய்ந்த துணி. கடல் நத்தையிலிருந்து எடுக்கும், ரோமில் பெரிய மனிதர்கள் மட்டும் உடுத்திய நிறம். கரிக்கட்டைக்குள்ளிருந்து முதலில் வெளிவந்தது ஒரு நிறத்தின் பெயர் என்பதை நினைத்தால் இப்போதும் எனக்கு உடம்பு சிலிர்க்கிறது.

பிறகு நாதெர், ஃபாரிட்டர், சுவிட்சர்லாந்தின் ஜூலியன் ஷில்லிகர் மூவரும் ஒன்று சேர்ந்தார்கள். ஷில்லிகர் அடுக்குகளைத் தானாகப் பிரிக்கும் மென்பொருளை எழுதியவர். அதற்கு அவர் வைத்த பெயர் தௌமாடோ அனகலிப்டார். கிரேக்கத்தில் 'அதிசயத்தைத் திறந்துகாட்டுவது' என்று பொருள். 2024 பிப்ரவரி 5 அன்று பெரும் பரிசு இவர்களுக்கு என்று அறிவித்தார்கள். நிபந்தனை 4 பத்திகள்; இவர்கள் கொடுத்தது 15 பத்தி வரிசைகளில் 2,000க்கு மேற்பட்ட எழுத்துகள்.

இயந்திரம் இட்டுக்கட்டியிருந்தால்?

இன்றைக்குக் கேட்டே ஆக வேண்டிய கேள்வி இது. கேட்டதற்குப் பதில் தெரியாவிட்டாலும் நம்பும்படி எதையாவது எழுதிக் கொடுக்கும் மென்பொருள்களோடு பழகிவிட்டோம். கிரேக்கத் தத்துவத்தையும் ஒன்று இட்டுக்கட்டித் தந்திருந்தால்?

இங்கே கையாண்ட காப்பு எனக்குப் பிடித்திருக்கிறது. இந்த மாடல்களுக்குக் கிரேக்கம் தெரியாது. ஆல்ஃபா எப்படி இருக்கும் என்றுகூடச் சொல்லித்தரவில்லை. ஓர் எழுத்தைவிடச் சிறிய சதுரத்தைப் பார்த்து "இங்கே மை உண்டா?" என்ற ஒரே கேள்விக்குத்தான் அவை பதில் சொல்கின்றன. எழுத்தையே முழுதாகப் பார்க்காத ஒன்று, எழுத்தைக் கற்பனை செய்ய வழியில்லை. சதுரங்களை அடுக்கியபின் எழுத்து உருவாகிறது என்றால், அது தாளில் இருந்ததால்தான். வெவ்வேறு நாட்டில் வெவ்வேறு முறையில் உருவான மாடல்கள் ஒரே இடத்தில் ஒரே எழுத்தைக் காட்டின. படங்களைப் படித்தவர்களும் மனிதர்கள்: நேப்பிள்ஸ் பல்கலைக்கழகத்தின் ஃபெதெரிகா நிக்கொலார்தி, பிரிட்டனின் ராபர்ட் ஃபவ்லர், அமெரிக்காவில் பணியாற்றும் ரிச்சர்ட் ஜாங்கோ போன்ற பாப்பிரஸ் அறிஞர்கள். பாதி தெரியும் எழுத்தைப் பார்த்து இது சிக்மாவா எப்சிலானா என்று முடிவு செய்ய, வாழ்நாள் முழுக்க அந்தக் கையெழுத்துகளோடு பழகியிருக்க வேண்டும். கணினி மையைக் கண்டது. வாசித்தது அவர்கள்தான்.

அதே 2024இல், ஏப்ரல் மாதம், பிளேட்டோவின் கல்லறை இருந்த இடம் ஒரு ஹெர்குலேனியம் சுருளில் தெரியவந்தது என்று இன்னொரு செய்தி வந்தது. ஏதென்ஸில் அவருடைய அகாடமித் தோட்டத்தில் என்று. அது பீசா பல்கலைக்கழகத்தின் கிரேசியானோ ரனோக்கியா குழுவின் தனி வேலை. பழைய காலத்திலேயே திறக்கப்பட்ட ஒரு பாப்பிரஸை ஒளிப்படத் தொழில்நுட்பத்தால் மறுபடி படித்தார்கள். இரண்டையும் ஒன்றாகச் சேர்த்துக் குழப்பிக்கொள்ளக் கூடாது.

சரி, உள்ளே என்ன எழுதியிருந்தது?

வாசித்த விதத்துக்குக் கிடைத்த கவனத்தில் பத்தில் ஒரு பங்குகூட வாசிக்கப்பட்டதற்குக் கிடைக்கவில்லை என்பது என் வருத்தம்.

படித்த பகுதி இன்பத்தைப் பற்றியது. எழுதியவர் ஃபிலோடெமஸாக இருக்கலாம் என்று அறிஞர்கள் கருதினார்கள். அவர் எடுத்துக்கொண்ட கேள்வி: அரிதாகக் கிடைக்கும் பொருள், அரிது என்பதாலேயே அதிக இன்பம் தருமா? உணவை எடுத்துக்கொண்டு பேசுகிறார். அரிதானவை தாராளமாகக் கிடைப்பவற்றைவிட நிச்சயம் இனிமையானவை என்று நாம் உடனே நம்பிவிடுவதில்லை என்கிறார். இசை வருகிறது, கேப்பர் என்ற ஊறுகாய் மொட்டு வருகிறது, செனோஃபாண்டஸ் என்ற குழலிசைக் கலைஞர் வருகிறார், ஊதா நிறம் வருகிறது. கடைசிப் பகுதியில், இன்பத்தைப் பற்றிச் சொல்ல எதுவும் இல்லாத எதிர்த்தரப்புத் தத்துவக்காரர்களை ஒரு பிடி பிடிக்கிறார்.

ஃபிலோடெமஸின் கவிதை ஒன்று வேறு வழியாக நமக்கு முன்பே வந்து சேர்ந்திருக்கிறது. பீசோவைத் தன் எளிய வீட்டுக்கு விருந்துக்கு அழைக்கும் பாடல். உயர்ந்த இறைச்சியும் கியோஸ் தீவின் திராட்சை மதுவும் எங்கள் வீட்டில் கிடைக்காது, உண்மையான நண்பர்கள் இருப்பார்கள், வாருங்கள் என்று கூப்பிடுகிறார். அந்தப் பாடலை வைத்துக்கொண்டு இந்தச் சுருளைப் படித்தால், அரிது எளிது என்ற வாதம் வெறும் வகுப்பறை வாதமாகத் தெரியவில்லை. கடற்கரையில் பளிங்குத் தரை போட்ட மாளிகைக்காரருக்கு, அவரை நம்பி வாழ்ந்த ஓர் ஆசிரியர் சொன்ன பேச்சாகக் கேட்கிறது. பீசோ அந்த மாளிகையின் சொந்தக்காரர்தானா என்பது உறுதியாகாதவரை இது என் ஊகம்தான். ஆனாலும் அந்த வரிகளை இப்படிப் படிக்கத்தான் எனக்கு மனம் வருகிறது.

பரிசுக்குப் பிறகு

பரிசு வாங்கிய வாசிப்பு சுருளில் 5 விழுக்காடு மட்டுமே. 2024க்கு வைத்த இலக்கு 4 சுருள்களில் 90 விழுக்காடு. அது எட்டப்படவில்லை. தடுத்தது அதே பழைய இடம்: அடுக்குகளைப் பிரிப்பது. மை கண்டுபிடிக்கும் வேலையில் கணினி வேகமாக முன்னேறியது. நெளிந்த தாளைப் பின்தொடர்ந்து போகும் வேலை அப்படி முன்னேறவில்லை. நல்ல நிலையில் உள்ள பகுதியை முதலில் படித்துவிட்டோம், நசுங்கிய பகுதி பாக்கி. 2023இன் வேகத்தைப் பார்த்து, இரண்டு மூன்று ஆண்டில் மொத்த நூலகத்தையும் படித்துவிடலாம் என்று எழுதியவர்கள் இந்த வித்தியாசத்தைக் கவனிக்கவில்லை.

ஆக்ஸ்போர்டின் போட்லியன் நூலகத்தில் உள்ள 172ஆம் எண் சுருள் வேறு விதமாக உதவியது. 2024 ஜூலையில் அதை ஸ்கேன் செய்தபோது சில எழுத்துகள் படத்தில் நேராகவே தெரிந்தன. மையில் அடர்த்தியான ஏதோ ஒன்று, ஒருவேளை ஈயம், கலந்திருக்கலாம் என்று நினைக்கிறார்கள். 2025 பிப்ரவரியில் அதிலிருந்து முதல் சொற்கள் வந்தன. 'அருவருப்பு' என்று பொருள்படும் 'தியாத்ரொபே' சில பத்திகளுக்குள் இரண்டு முறை வந்திருந்தது.

பழைய சுருள்களில் நூலின் தலைப்பைக் கடைசியிலும் எழுதுவார்கள். கடைசி என்றால் சுருட்டலின் நடு மையம். வெளி அடுக்குகள் எவ்வளவு சிதைந்தாலும் உள்ளே அது பத்திரமாக இருக்க வாய்ப்பு உண்டு. 2025 மே மாதம் ஜெர்மனியின் வூர்ஸ்பர்க்கைச் சேர்ந்த மார்செல் ராத், மிஷா நோவாக் என்ற இருவர் 172ஆம் சுருளின் அந்த நடுப்பகுதியை விரித்துத் தலைப்பைக் கண்டார்கள். 60 ஆயிரம் டாலர் பரிசு. ஷான் ஜான்சன் என்பவரும் தனியாக அதே தலைப்புக்கு வந்து சேர்ந்திருந்தார். திறக்கப்படாத ஒரு ஹெர்குலேனியம் சுருளின் பெயரும் ஆசிரியர் பெயரும் தெரியவந்தது அதுதான் முதல் முறை.

தலைப்பு, 'தீய குணங்களைப் பற்றி'. ஆசிரியர், ஃபிலோடெமஸ். முகத்துதி, பேராசை, இறுமாப்பு என்று பல சுருள்களாக அவர் எழுதிய தொடரில் ஒன்று. அந்தத் தொடரின் வேறு சுருள்கள் சில, 200 ஆண்டுகளுக்கு முன் கையால் பிரிக்கப்பட்டு, துண்டு துண்டாக நேப்பிள்ஸ் தேசிய நூலகத்தில் இருக்கின்றன. திறக்கப்படாத நூற்றுக்கணக்கானவையும் அங்கேயே.